கல்லூரி வாயிலைக் கடந்த பின்னர்

தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குப் பாலிடெக்னிக்கிலோ சமூகக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்துவிட்டது என்னும் செய்தி வந்ததும், அவ்வீட்டார் மட்டுமல்லர், லயத்தில் உள்ள அனைவருமே மகிழ்கின்றனர். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை நடைபெறுகிறது. புதிய பெட்டி வாங்கப்படுகிறது. பதிவு நாளன்று வண்டி அமர்த்திக்கொண்டு குடும்பமே உடன் செல்கிறது. ஆனால் ஓராண்டு முடியுமுன் அதே பிள்ளை அதே பெட்டியுடன் வீடு திரும்பிவிட்டால், அதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ‘படிப்பு ஏறவில்லை’ என்ற இரண்டு சொற்களில் அச்செய்தி முடிந்து போகிறது.

உண்மையில் ஏறாதது படிப்புத்தானா? கல்லூரியில் சேர்ந்த ஏழை மாணவர்கள் எக்காரணத்தால் இடையில் நின்றுவிடுகின்றனர், அவர்களை இறுதிவரை கொண்டு செல்லக் கல்லூரி அலுவலர்கள் என்ன செய்ய இயலும் என்பன பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் மிகுந்த ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. அவற்றுள் மிகத் தெளிவான விடையைத் தந்தது, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒரு திட்டமாகும். நியூயார்க் என்றதும் வானளாவிய மாளிகைகள் நம் நினைவுக்கு வரலாம். நாம் இங்குப் பேசப்போவது அம்மாளிகைகளைத் துப்புரவு செய்வோர், உணவுக்கடைகளில் பாத்திரம் கழுவுவோர், வாடகை வண்டி ஓட்டுவோர் ஆகியோரின் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

முதலில், சமூகக் கல்லூரி என்றால் என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவில் அரசாங்கத்தால் நடத்தப்பெற்ற முதல் சமூகக் கல்லூரி, இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு தோன்றியது. வீட்டிலிருந்தே சென்று வரத்தக்க தொலைவில் இருத்தல், குறைந்த கட்டணம், ஈராண்டுப் படிப்பு, பின்னர் விரும்பியவர் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து பயிலும் வசதி ஆகியவையே இதன் அடையாளங்கள். நம் நாட்டில் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார் பாலிடெக்னிக் 1969ஆம் ஆண்டு ஈப்போவில் நிறுவப்பட்டது. சமூகக் கல்லூரிகள் 2001ஆம் ஆண்டு பன்னிரண்டு கல்லூரிகளுடன் தொடங்கின. இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை நாடெங்கும் உள்ளன. நம்முடையவை கைத்தொழிற் பயிற்சிக்கு முதலிடம் தருபவை. அமெரிக்காவில் உள்ளவை பட்டப் படிப்புக்கான முதற்படியாகவும் அமைந்தவை. பெயர் ஒன்றாயினும் அமைப்பு முற்றிலும் ஒன்றன்று என்பதை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

நியூயார்க் நகரில் ஏழைகளுக்குக் கல்லூரிக் கதவைத் திறக்கும் முயற்சி மிகப் பழையது. தொழிலாளர்களின் பிள்ளைகளும் கட்டணமின்றிப் பயில்வதற்கென 1847ஆம் ஆண்டிலேயே அங்கு ஒரு கல்விக்கூடம் நிறுவப்பட்டது. சிட்டி காலேஜ் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அக்கல்லூரி ஹார்லெம் பகுதியில் அமைந்துள்ளது. ஹார்லெம், கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்த பகுதி. எனினும் 1960களின் தொடக்கத்தில் அக்கல்லூரிக்குள் கறுப்பின மாணவர்களை அரிதாகவே காண முடிந்தது. கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் சேர்வதற்கு வேண்டிய உயர்ந்த மதிப்பெண்ணை, வசதி குறைந்த பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளால் எட்ட இயலவில்லை. வாயிலில் பணம் கேட்கவில்லையேயன்றி, பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே எளிதில் கிட்டும் ஒன்றைக் கேட்டார்கள்.

இதனைப் போக்க 1966ஆம் ஆண்டு ‘சீக்’ என்னும் திட்டம் சட்டப்படி ஏற்படுத்தப்பட்டது. மதிப்பெண் குறைந்த ஏழை மாணவர்களைச் சேர்த்து, அவர்களுக்குத் துணைப்பாடம், சிறு உதவித்தொகை, ஆலோசகரின் வழிகாட்டல் ஆகிய மூன்றையும் ஒருசேர வழங்கிய திட்டம் அது. 1969ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் சிட்டி காலேஜ் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினர். அதன் பயனாக, நகரின் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்த அனைவருக்கும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்னும் திறந்த சேர்க்கை முறை 1970ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முந்திய ஆண்டு ஏறத்தாழ 20,000 ஆக இருந்த புதிய மாணவர் தொகை அவ்வாண்டு 35,000 ஆயிற்று.

கதவு திறந்தது, கூட்டம் நுழைந்தது. உள்ளே என்ன நடந்தது?

அக்காலத்தில் சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சி வகுப்புகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மைனா ஷாக்னசி என்னும் ஆசிரியை. புதிய மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை முதன்முறை வாசித்தபோது, இவர்களுக்கு எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்றே புரியாமல் அவர் திகைத்துப் போனார். ஆயினும் ‘இவர்கள் கல்லூரிக்குத் தகுதியற்றவர்கள்’ என்று முடிவு கட்டிவிடவில்லை. ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைச் சேர்த்துவைத்துப் பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அப்பிழைகள் அறிவுக்குறைவால் வந்தவை அல்ல. எழுதிப் பழகாமையாலும், வீட்டில் பேசும் மொழி வேறு, ஏட்டு மொழி வேறு என்பதாலும் ஓர் ஒழுங்குடனேயே வருபவை. ஒழுங்குடன் வருவதால் ஒழுங்குடன் திருத்தவும் தக்கவை எனக் கண்டார். 1977ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்னும் பொருள்படும் நூல், அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் பலரின் பார்வையையே மாற்றியது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தமிழ்ப்பள்ளியில் பயின்று, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறி, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைப் புரட்டும் நம் பிள்ளை விடும் பிழையையும் இவ்வாறே நோக்க வேண்டும். அது மூன்று மொழிகளைச் சுமப்பவன் நடையில் காணும் தடுமாற்றமேயன்றி நொண்டியன்று.

நல்ல ஆசிரியர் சிலர் இருந்தும் திறந்த சேர்க்கை எதிர்பார்த்த பலனை விரைவில் தந்துவிடவில்லை. பலர் பட்டம் பெறாமலே வெளியேறினர். பல ஆண்டு கழித்து மீண்டும் வந்து படித்து முடித்தவர்களும் உண்டு. இதற்கிடையே நகராட்சி பெரும் பணமுடைக்கு ஆளாகியது. 129 ஆண்டுகள் இலவசமாக இருந்த கல்விக்கு 1976ஆம் ஆண்டு கட்டணம் விதிக்கப்பட்டது. சேர்க்கும் எண்ணிக்கையைக் கூட்டிய அளவுக்குச் சேர்ந்தவரைக் கவனிக்கும் ஆள்களின் எண்ணிக்கை கூட்டப்படவில்லை.

இதைத் தோட்டத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. ரப்பர்க் கன்றை நட்டுவிட்டு மறுநாளே பால்வெட்டும் கத்தியுடன் செல்வோர் எவரும் இலர். ஐந்தாறு ஆண்டுகள் களையெடுத்து, உரமிட்டு, நோய் பார்த்து, மரத்தின் சுற்றளவை அளந்த பின்னரே அது வெட்டுக்கு வருகிறது. நடுகைக்குச் செலவிட்டு, பராமரிப்புக்குச் செலவிட மறுக்கும் நிர்வாகியைத் தோட்டத்தில் எவரும் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

இனி 2007ஆம் ஆண்டுத் திட்டத்திற்கு வருவோம். அதன் பெயரைச் சுருக்கி ‘ஏசாப்’ என்பர். ஈராண்டுப் படிப்பைச் சமூகக் கல்லூரி மாணவர்கள் மூன்றாண்டுக்குள்ளாவது முடிக்கச் செய்வதே அதன் நோக்கம். ஈராண்டுப் படிப்புக்கு மூன்றாண்டா என்று வியக்க வேண்டா. அந்நகரின் சமூகக் கல்லூரி மாணவருள் பெரும்பாலோர் மூன்றாண்டிலும் முடிக்கவில்லை என்பதே அன்றைய நிலை. நகர நிர்வாகத்தின் பண உதவியுடன் ஆறு கல்லூரிகளில் ஏறத்தாழ 1,100 மாணவர்களைக் கொண்டு திட்டம் தொடங்கிற்று.

அத்திட்டத்தில் சேர்ந்த மாணவர் முழுநேரமாகப் பயில வேண்டும். அடிப்படைப் பாடங்களில் குறையிருப்பின் அவற்றைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே முடித்துவிட வேண்டும். இவை மாணவரின் கடமை. கல்லூரியின் கடமை என்ன? கூட்டரசு தரும் உதவித்தொகைக்கும் கல்லூரிக் கட்டணத்திற்கும் இடையே துண்டு விழுந்தால், அத்துண்டைக் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. பாடநூல்கள் விலையின்றிப் பயன்படுத்தக் கொடுக்கப்பட்டன. ஒரே குழுவினர் சேர்ந்து பயிலும்படியும், வேலைக்குச் செல்வோர்க்கு வசதியாகவும் வகுப்பு நேரங்கள் தொகுக்கப்பட்டன. துணைப்பாடம் சொல்லித்தர ஆள்கள் இருந்தனர். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசத் தனி அலுவலர் ஒருவர் இருந்தார்.

இவை அனைத்திற்கும் நடுநாயகமாக இருந்தவர் ஆலோசகர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அக்கல்லூரிகளின் வழக்கமான முறைப்படி ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 600 முதல் 1,500 மாணவர்கள் வரை இருந்தனர். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றால் அவர் எவர் முகத்தை அறிவார்? சிக்கல் முற்றிய பின் தேடி வருபவருக்குப் படிவம் ஒன்றை நீட்டுவதே அவரால் இயலும். ஏசாப் திட்டத்திலோ ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்களே ஒதுக்கப்பட்டனர். ஒவ்வொரு மாணவரும் மாதம் இருமுறை அவரைக் கட்டாயம் சந்திக்க வேண்டும். சிக்கல் இருந்தால் வா என்பதன்று. இல்லாவிட்டாலும் வா என்பதே விதி. வகுப்புக்கு வருகிறாயா, எந்தப் பாடம் பிடிபடவில்லை, வீட்டில் என்ன நிலைமை, அடுத்த பருவத்திற்கு எப்பாடங்களை எடுக்கப் போகிறாய் என்று கேட்பவர் ஒருவர் எப்போதும் இருந்தார். பத்துப் பேர் கொண்ட லயத்தில் ஒருவர் இரண்டு நாள் பிரட்டுக்கு வரவில்லை என்றால் அடுத்த வீட்டார் கதவைத் தட்டிப் பார்க்கிறார்களல்லவா? அத்தகைய கவனிப்பைச் சம்பளம் கொடுத்து, கணக்கு வைத்து, கல்லூரிக்குள் ஏற்படுத்தினார்கள் எனலாம்.

மற்றொரு செய்தி சிறியதாயினும் குறிப்பிடத்தக்கது. மாணவர்களுக்கு மாதந்தோறும் பேருந்திலும் சுரங்க இரயிலிலும் செல்லப் பயணச்சீட்டு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அதன் விலை 100 டாலர் அளவினதாகும். ஏழை மாணவருக்கு அது பெருந்தொகை. கையில் காசில்லாத நாளில் வகுப்பைத் தவறவிடும் நிலையை அது நீக்கியது. அத்துடன், ஆலோசகரைச் சந்தித்துத் திட்டத்தின் விதிகளை நிறைவேற்றியவருக்கே அம்மாதச் சீட்டு கிடைத்தது. ஆகவே ஆலோசகரின் அறைக்கு அனைவரும் வந்தனர். நன்றாகப் படிப்பவரும் வந்தார், படிக்காதவரும் வந்தார். அவ்வறைக்குச் செல்வது குறைபாட்டின் அடையாளம் என்ற எண்ணம் மறைந்தது. எந்தப் பேராசிரியர் குழுவும் பாராட்டுவதற்கு முன்னரே இந்த ஏற்பாட்டை எந்தத் தாயும் பாராட்டியிருப்பாள். சோறு போடும் நேரத்தில்தானே பிள்ளையிடம் பள்ளிக்கூடத்துச் செய்தியைக் கேட்கிறாள்!

இத்திட்டம் உண்மையில் பயன் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது? திட்டத்தில் சேர்ந்தவர்கள் இயல்பாகவே ஊக்கமுள்ளவர்களாக இருந்திருக்கலாமன்றோ? இந்த ஐயத்தை நீக்க, எம்.டி.ஆர்.சி. என்னும் ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கல்லூரிகளில் ஒரு சோதனை நடத்தியது. 2010ஆம் ஆண்டு தொடங்கிய அச்சோதனையில் 896 மாணவர்கள் பங்கு பெற்றனர். அனைவரும் வருமானம் குறைந்த குடும்பத்தினர். அனைவருக்கும் அடிப்படைப் பாடங்களில் ஒன்றோ இரண்டோ குறை இருந்தது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் அவர்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறினரை ஏசாப் திட்டத்திலும், மற்றக் கூறினரை வழக்கமான முறையிலும் பயிலச் செய்தனர். குலுக்கலில் ஊக்கமுள்ளவரும் ஊக்கமற்றவரும் இரு பக்கமும் சமமாகவே விழுவர். எனவே இறுதியில் காணும் வேறுபாடு திட்டத்தால் வந்ததே என்று துணிந்து கூறலாம்.

மூன்றாண்டு முடிவில், வழக்கமான முறையில் பயின்றவருள் 100க்கு 22 பேர் படிப்பை முடித்திருந்தனர். ஏசாப் மாணவருள் 100க்கு 40 பேர் முடித்திருந்தனர். நான்காண்டுக் கல்லூரிக்குச் சென்றவர் தொகையும் 17இலிருந்து 25 ஆக உயர்ந்திருந்தது. அதே ஊர், அதே வறுமை, அதே வகுப்பறைகள். முடித்தவர் தொகை மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. ‘படிப்பு ஏறவில்லை’ என்னும் தீர்ப்பை இந்த எண்கள் தள்ளுபடி செய்கின்றன.

செலவு அதிகமாயிற்றே என்பர் சிலர். ஆம், மாணவர் ஒருவருக்கு மூன்றாண்டில் 16,300 டாலர் கூடுதலாயிற்று. அதாவது வழக்கமான செலவைவிட 100க்கு 60 பங்கு மிகுதி. இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக, வழக்கமான முறையில் மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு 100 வெள்ளி என்று கொள்வோம். 100 மாணவருக்கு 10,000 வெள்ளி. அவர்களுள் தேறியவர் 22 பேர். தேறிய ஒருவருக்கு ஆன செலவு ஏறத்தாழ 455 வெள்ளி. புதிய முறையில் ஒருவருக்கு 160 வெள்ளி. 100 பேருக்கு 16,000 வெள்ளி. தேறியவர் 40 பேர். தேறிய ஒருவருக்கு 400 வெள்ளி. தலைக்குச் செலவு கூடியது. பட்டத்திற்குச் செலவு குறைந்தது. நட்ட கன்றுகளை எண்ணிச் செலவைப் பார்ப்பதா, பால் தரும் மரங்களை எண்ணிப் பார்ப்பதா என்பதே இங்குள்ள வினா.

இத்திட்டத்திலும் குறை உண்டு. நாற்பது பேர் முடித்தனர் என்றால் அறுபது பேர் மூன்றாண்டில் முடிக்கவில்லை என்பதே பொருள். முழுநேரம் பயில இயலாமல், குடும்பத்தைக் காக்கப் பகலெல்லாம் உழைப்பவருக்கு இதில் இடமில்லை. மிகவும் நலிந்தவர் அவர்களே அல்லவா? திட்டம் விரிந்து ஆண்டுக்கு 25,000 மாணவரை எட்டியபோது, ஓர் ஆலோசகரின் பொறுப்பில் இருந்தவர் தொகையும் 150 வரை ஏறிற்று. எந்த நல்ல திட்டத்திற்கும் பெருகும்போது நேரும் சோதனை இது. ஆயினும் நியூயார்க்கில் மட்டுமே பலிக்கும் வித்தை அன்று என்பதும் தெளிவாகிவிட்டது. ஒஹாயோ மாநிலத்தில் மூன்று சமூகக் கல்லூரிகள் இதனைப் பின்பற்றின. அங்கும் மூன்றாண்டு முடிவில் 100க்கு 19 என்பது 35 ஆயிற்று.

வேறு இரண்டு ஊர்களில் நடந்தவற்றையும் சுருக்கமாகக் கூறலாம். அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பருவந்தோறும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயர்கள், கட்டணப் பாக்கிக்காக நீக்கப்பட்டு வந்தன. அப்பட்டியலை அலுவலர்கள் கூர்ந்து பார்த்தபோது, பலர் நன்றாகப் பயில்பவர்கள் என்பதும், அவர்களின் பாக்கி சிறு தொகையே என்பதும் தெரியவந்தது. 2011ஆம் ஆண்டு முதல், மாணவர் விண்ணப்பம் செய்வதற்காகக் காத்திராமல் கல்லூரியே அப்பாக்கியைச் செலுத்தி அவர்களை நிறுத்திக்கொண்டது. ஒருவருக்கு ஆன தொகை சராசரி 900 டாலர். மதிப்பெண் சரியத் தொடங்கியவுடன் ஆலோசகருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் 2012இல் வந்தது. 2003ஆம் ஆண்டு 100க்கு 32 ஆக இருந்த தேர்ச்சி, பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 54 ஆயிற்று. கறுப்பின மாணவருக்கும் ஏனையோருக்கும் இடையே இருந்த இடைவெளியும் மறைந்தது. இடம் கிடைத்தும் பதிவு நாளில் வராமற் போகும் மாணவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. படிவம், கடன், தங்குமிடம் பற்றிய ஐயங்களுக்குக் கைப்பேசி வழியாக எந்நேரமும் விடையளிக்கும் முறையை 2016இல் கொண்டுவந்தனர். வராமற் போனோர் தொகை அவ்வாண்டே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ கல்லூரியார் தங்கள் மாணவரிடமே கேட்டனர்: உங்கள் படிப்புக்குத் தடையாக நிற்பவை யாவை? வந்த விடைகளுள் முதற்பத்தில் வகுப்பறையைச் சேர்ந்தது ஒன்றுமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, போக்குவரத்துக்கு வழியில்லை, உணவில்லை, வாடகை கொடுக்க இயலவில்லை என்பனவே அவை. கல்லூரிக்குள்ளேயே உணவுப்பொருள் வழங்கும் அறையொன்றையும், சமூக நல அலுவலர்களைக் கொண்ட பிரிவொன்றையும் அவர்கள் ஏற்படுத்தினர். சமூகக் கல்லூரிகளுக்கென அமெரிக்காவில் வழங்கப்படும் ஆஸ்பென் பரிசை 2023ஆம் ஆண்டு பெற்ற இரு கல்லூரிகளுள் அதுவும் ஒன்று.

இவற்றைப் படிக்கும் தோட்டத்துப் பெற்றோர், ‘அங்கே உண்டு, இங்கே உண்டா?’ என்று கேட்கலாம். மாதம் இருமுறை கட்டாயச் சந்திப்பும் இலவசப் பயணச்சீட்டும் நம் கல்லூரிகளின் வழக்கமல்ல. ஆயினும் நம் பாலிடெக்னிக்குகளில் ஒவ்வொரு மாணவருக்கும் கல்வி ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் நியமிக்கப்படுகிறார். மாணவர் விவகாரப் பிரிவு உண்டு. உளவழித் துணைபுரியும் அலுவலரும் உண்டு. இவ்வேற்பாடுகளை நம் பிள்ளைகள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பதே வருந்தத்தக்கது. அதற்குக் காரணம் கூச்சம். மேலும், ஆலோசகரின் அறை என்றால் குழப்படி செய்யும் மாணவரை அனுப்பும் இடம் என்று இடைநிலைப்பள்ளிக் காலத்திலேயே அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது. தவறு செய்யாத நான் ஏன் அங்குப் போகவேண்டும் என்று நினைக்கின்றனர். விரிவுரையாளர் வேற்றினத்தவர், பேசும் மொழி வேறு என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. தம்மிடம் வந்து கேட்கும் மாணவரை எந்த இனத்து விரிவுரையாளரும் வெறுப்பதில்லை. கேளாமலே காணாமற்போகும் மாணவரைப் பற்றியே அவர்கள் குறைப்படுகின்றனர்.

பணத்தைப் பொறுத்தவரை, முதற்சில வாரங்களே மிகவும் இடர் நிறைந்தவை. தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997ஆம் ஆண்டு முதல் கல்விக் கடன் வழங்கி வருகிறது. ஆனால் கடன் உறுதியாகி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, பணம் கணக்கில் சேரும் வரை நாள்கள் செல்லும். அதற்குள் தங்கும் விடுதி, புத்தகம், கருவிப்பெட்டி, சீருடை, சாப்பாடு என்று செலவு முந்திக்கொண்டு வருகிறது. சில பிள்ளைகள் வீட்டின் நிலைமையை அறிந்து எதையும் கேளாமல், இரவில் கடைவேலைக்குச் சென்று பகலில் வகுப்பில் உறங்குகின்றனர். மதிப்பெண் குறைகிறது, அவமானமாகிறது, பெட்டி கட்டப்படுகிறது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடன் தொகையில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெறும் வழி உண்டு. அதற்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் அடையாள அட்டைப் படிகள், சம்பளச் சீட்டுகள், பிள்ளையின் வங்கிக் கணக்கு எண் ஆகியவை ஓர் உறையில் ஆயத்தமாக இருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். சம்பளச் சீட்டைத் தூக்கி எறியும் வழக்கத்தைத் தேர்வு முடிவு வரும் ஆண்டிலாவது நிறுத்தி வைக்கலாம். வருமானச் சான்று எழுதித் தரும் தோட்டத்துக் கிராணியாரும், பிள்ளையை அறிந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும், தொழிற்சங்கக் கிளைச் செயலாளரும் இவ்வகையில் கல்லூரி அலுவலர்களின் பணியில் பங்கு கொள்பவர்களே. நியூயார்க் ஆலோசகர் செய்த வேலையில் ஒரு பகுதியை இவர்கள் தோட்டத்திலேயே செய்ய இயலும். சென்ற ஆண்டு கல்லூரிக்குச் சென்றவர் எத்தனை பேர், இவ்வாண்டு எவரெவர் தொடர்கின்றனர் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பவர் ஒரு தோட்டத்திற்கு ஒருவர் இருந்தாலும் போதும்.

வீட்டார் கவனிக்க வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. உறவினர் வீட்டு மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கருமாதி என ஒவ்வொன்றுக்கும் கல்லூரிப் பிள்ளையை வாரநாளில் வரவழைப்பது நம்மிடையே சாதாரணமாக உள்ளது. பெண்பிள்ளையாயின் தாய்க்கு உடல்நலமில்லை என்றதும் ஒரு வாரம் நிறுத்திக்கொள்வதும் உண்டு. வருகைக் குறைவால் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்ட பின்னரே அதன் விலை தெரியவருகிறது. தவிர்க்க முடியாத விடுப்பாயின் அதைக் கல்வி ஆலோசகரிடம் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்ல வேண்டும். மாதத்திற்கு ஒருமுறையேனும் பிள்ளையிடம், ‘மதிப்பெண் எவ்வளவு?’ என்று கேட்பதற்கு முன் ‘ஆலோசகரைப் பார்த்தாயா? என்ன சொன்னார்?’ என்று கேட்டுப் பழகலாம். அக்கேள்விக்கு விடை சொல்வதற்காகவாவது பிள்ளை அங்குச் செல்லும்.

பதிவு நாளன்று பெற்றோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வரை சென்று, உடனே திரும்பிவிடுகின்றனர். அன்று அரை மணி நேரம் கூடுதலாக இருந்து, மாணவர் விவகாரப் பிரிவு எங்குள்ளது என்று பிள்ளையுடன் சென்று பார்க்கலாம். கல்வி ஆலோசகரின் பெயர், அறை எண், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் இரண்டு படியாக எழுதி, ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து மற்றொன்றை வீட்டிற்கு எடுத்து வரலாம். வகுப்புப் பிரிக்கப்படாததால் அன்று பெயர் தெரியாவிட்டால், எந்த வாரத்தில் தெரியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.